ஆளை டஜனில் எண்ணலாமா?

போன வாரம் ஒரு செய்திக் கட்டுரையைத் தமிழுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். கட்டடம் ஒன்று இடிந்து விழுந்த செய்தி. முதல் வரியிலேயே 'டஜன்ஸ் ஆஃப் பீப்பிள்' உள்ளே மாட்டியிருக்கிறார்கள் என்று இருந்தது. கைப்பழக்கத்தில் 'டஜன் கணக்கான மக்கள் இடிபாடுகளில் சிக்கினர்' என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். எழுதி முடித்ததும் எப்போதும் போல அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா எதையும் வாய்விட்டுத்தான் படிப்பார், அவருக்கு எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே நான் ஏதோ கோட்டை விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். அன்றைக்கு முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"என்னடா இது, ஆளுங்களப் போய் டஜன்ல எண்ணியிருக்கே?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எத்தனையோ முறை படித்த, எழுதிய தொடர். செய்தித் தமிழில் தினமும் வருவது. ஆனால் அம்மா சொன்ன பிறகு அந்த வரியைப் பார்த்தால், இடிபாட்டுக்குள் மனிதர்களுக்குப் பதிலாக அட்டைப்பெட்டிகள் கிடப்பது போலத்தான் தெரிந்தது. இந்தச் சொல் ஆங்கிலத்தில் என்ன செய்கிறது, தமிழுக்குள் வந்த பிறகு என்ன செய்கிறது என்று அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். ஆங்கிலத்துக்குப் பன்னிரண்டைச் சொல்ல ட்வெல்வ் என்ற சொந்தச் சொல் இருந்தது, இப்போதும் இருக்கிறது. டஜன் பிரெஞ்சு இறக்குமதி. 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவை, நீதிமன்றம், வணிகம் என்று எல்லா வழியிலும் பிரெஞ்சுச் சொற்கள் கொட்டின. அந்த வரிசையில் 1300-ஐ ஒட்டி இதுவும் ஆங்கிலத்தில் தென்படுகிறது. பிரெஞ்சில் பன்னிரண்டு 'தூஸ்'. அதன் வாலில் 'ஏன்' என்று ஒலிக்கும் ஒரு விகுதியைச் சேர்த்தால் 'தூஸேன்'. அந்த 'தூஸ்' லத்தீனின் 'துவோதெகிம்' தேய்ந்து வந்தது, துவோ என்றால் இரண்டு, தெகெம் என்றால் பத்து.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த விகுதிதான். அது வெறும் எண்ணை ஒரு கட்டாக மாற்றுகிறது. பத்து என்ற 'தீஸ்' அந்த விகுதி சேர்ந்து 'தீஸேன்' ஆனால் 'ஒரு பத்து போல' என்று பொருள், நூறு என்ற 'ஸான்' 'ஸான்தேன்' ஆனால் 'ஒரு நூறு இருக்கும்' என்று பொருள். அதாவது பன்னிரண்டு எண்ணிக்கை, தூஸேன் அந்தப் பன்னிரண்டையும் சேர்த்துக் கட்டிய ஒரு மூட்டை. இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சொல்லை 2020-இல் உலகமே உச்சரித்தது: குவாரண்டைன். நாற்பதுக்கு இத்தாலியில் 'குவாரந்தா', அதை இதே வகையில் கட்டினால் நாற்பது நாள் கொண்ட ஒரு கட்டு. இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா துறைமுக நகரம், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருகிறவர்கள் உள்ளே நுழையும் முன் 30 நாள் வெளியே காத்திருக்க வேண்டும் என்று 1377-இல் ஆணையிட்டது. அந்தக் காத்திருப்பு பின்னால் 40 நாளாக நீண்டது, பெயரும் நாற்பதிலேயே நிலைத்துவிட்டது. கடைக்காரர் வாயில் புழங்கும் டஜனும், நோய்க் காலத்தில் நாம் கேட்டுச் சலித்த குவாரண்டைனும் ஒரே அச்சில் வார்த்தவை என்று முதன்முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்மையாகவே சிலிர்த்தது.

அப்புறம் ட்வெல்வ். அதுவும் அழகான சொல்தான். பழைய ஜெர்மானிய மூலத்தில் அதற்கு 'இரண்டு மிச்சம்' என்று பொருள். லெவன் 'ஒன்று மிச்சம்'. பத்து விரலையும் எண்ணி முடித்தாயிற்று, கை தீர்ந்துவிட்டது, இன்னும் ஒன்று கீழே கிடக்கிறது, இன்னும் இரண்டு கிடக்கிறது. அப்படி ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்ப்பது போல இருக்கிறது. லத்தீன்காரர் இரண்டை முன்னால் வைத்து 'இரண்டு-பத்து' என்றார். தமிழில் பத்து முன்னால் வரும், இரண்டு பின்னால் வரும், சேரும்போது பத்து 'பன்' ஆகிவிடும், பன்னிரண்டு. பத்து இப்படித் திரிவதற்கு நன்னூலில் தனியாக விதியே இருக்கிறது. ஒரே எண்ணை மூன்று மொழியும் மூன்று விதமாகக் கையில் எடுத்திருக்கின்றன.

சரி, பத்து இருக்கும்போது பன்னிரண்டுக்கு எதற்கு இத்தனை மரியாதை? உங்கள் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். கட்டைவிரலை விட்டுவிட்டால் நான்கு விரல், விரலுக்கு மூன்று கணு. கட்டைவிரல் நுனியால் ஆள்காட்டி விரலின் அடிக்கணுவைத் தொட்டு ஒன்று, நடுக்கணு இரண்டு, நுனிக்கணு மூன்று என்று போனால் சுண்டுவிரல் நுனியில் பன்னிரண்டில் முடியும். ஒரு கையாலேயே பன்னிரண்டு வரை எண்ணலாம், மறு கையில் சாமானைப் பிடித்துக்கொள்ளலாம். பன்னிரண்டின் செல்வாக்குக்கு இதை ஒரு காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் வகுத்தல்தான் பெரிய காரணம். பத்தைப் பாதியாக்கலாம், ஐந்தாகப் பிரிக்கலாம், அவ்வளவுதான். மூன்று பேருக்குப் பங்கு வைக்கப் போனால் உடைக்க வேண்டும், நான்கு பேர் என்றாலும் உடைக்க வேண்டும். பன்னிரண்டை இரண்டாக, மூன்றாக, நான்காக, ஆறாக எப்படிப் பிரித்தாலும் முழுசாக நிற்கும். பெட்டியில் அடுக்கும்போதும் அப்படித்தான், மூன்று வரிசையில் நான்கு, இரண்டு வரிசையில் ஆறு என்று மூலை காலியாகாமல் உட்காரும்.

பன்னிரண்டு டஜன் சேர்ந்தால் ஒரு குரோஸ், 144. அதுவும் பிரெஞ்சுதான், 'குரோஸ் தூஸேன்' என்றால் பெரிய டஜன். டஜன் பின்னாளில் உதிர்ந்துபோய் 'பெரிய' மட்டும் மிஞ்சியிருக்கிறது. பன்னிரண்டு குரோஸ் ஒரு கிரேட் குரோஸ், 1728.

இங்கிலாந்தில் டஜன் இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு அந்த நாட்டுப் பணமும் ஒரு காரணம். 1971 பிப்ரவரி 15 வரை அங்கே 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. இந்தக் கணக்கைப் படிக்கும் யாருக்கும் தலை சுற்றும். ஆனால் டஜனை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பென்சில் 3 பென்ஸ் என்றால் ஒரு டஜன் 3 ஷில்லிங். ஒன்று 7 பென்ஸ் என்றால் டஜன் 7 ஷில்லிங். பெருக்கவே வேண்டாம், எண் அப்படியே நிற்கிறது, காசின் பெயர் மட்டும் மாறுகிறது. திருப்பிப் போட்டாலும் அதே, டஜன் 5 ஷில்லிங்குக்கு வாங்கியிருந்தால் ஒன்று 5 பென்ஸ் அடக்கம் என்று கணக்குத் தெரியாதவர்கூடச் சொல்லிவிடலாம். அந்த நாட்டின் அளவைகளிலும் பன்னிரண்டு இருக்கிறது. அடிக்கு 12 அங்குலம், தங்கம் நிறுக்கும் டிராய் பவுண்டுக்கு 12 அவுன்ஸ். இஞ்ச், அவுன்ஸ் இரண்டுமே 'பன்னிரண்டில் ஒரு பங்கு' என்று பொருள்படும் 'உன்சியா' என்ற ஒரே லத்தீன் சொல்லிலிருந்து பிரிந்தவை. பத்தை விட்டுவிட்டுப் பன்னிரண்டை அடிப்படையாக வைத்தே உலகம் எண்ண வேண்டும் என்று வாதாட அமெரிக்காவில் 1944-இல் ஒரு சங்கமே தொடங்கினார்கள், இன்றும் இருக்கிறது.

டஜன் என்றால் பன்னிரண்டு என்று இவ்வளவு உறுதியாக நிற்கும் சொல்லுக்கு ஓர் இடத்தில் மட்டும் பதின்மூன்று என்று பொருள்: பேக்கர்ஸ் டஜன், ரொட்டி சுடுபவரின் டஜன். இங்கிலாந்தில் 1266-இல் ரொட்டிக்கும் ஏல் என்ற மதுவுக்கும் ஒரு சட்டம் போட்டார்கள். அதன்படி ரொட்டியின் விலை மாறாது, எடைதான் மாறும். கோதுமை விலை ஏறினால் அதே காசுக்கான ரொட்டி சிறுக்கும், விலை இறங்கினால் பெருக்கும். எடை குறைந்தால் அபராதம், ரொம்பக் குறைந்தால் ஊர் நடுவே தலையையும் கையையும் மரச்சட்டத்தில் பூட்டி நிறுத்திவிடுவார்கள். இப்போது ரொட்டி சுடுபவரின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். மாவை எவ்வளவு சரியாக உருட்டினாலும் அடுப்புக்குள் ஈரம் போகும், ஓரத்தில் இருப்பது அதிகமாகக் காயும், நடுவில் இருப்பது குறைவாகக் காயும், ஒவ்வொன்றும் ஒவ்வோர் எடையில்தான் வெளியே வரும். பன்னிரண்டு கேட்டவருக்குப் பதின்மூன்றாகக் கொடுத்துவிட்டால் மொத்தத்தில் எடை குறையாது, அந்தப் பயத்தில் வந்த பழக்கம் இது என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம். இன்னொரு பக்கமும் உண்டு. ரொட்டியை மொத்தமாக வாங்கித் தெருவில் விற்கிறவர்களுக்குப் பன்னிரண்டின் விலைக்குப் பதின்மூன்று தருவார்கள், அந்த ஒன்றுதான் விற்பவரின் ஆதாயம். பயமும் வியாபாரமும் இரண்டும் சேர்ந்தே இதை நிலைநிறுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். ரஷ்ய மொழியில் பதின்மூன்றுக்கு 'பிசாசின் டஜன்' என்று பெயர். ஒன்று கூடுதலாகக் கிடைத்தால் ஓர் ஊரில் லாபம், இன்னோர் ஊரில் அபசகுனம்!

இனி இலக்கணம். ஆங்கிலத்தில் எழுதும்போது நம்மில் பலர் இங்கே வழுக்குகிறோம், நானும் வழுக்கியிருக்கிறேன். முன்னால் எண் வந்தால் டஜனுக்கு 'எஸ்' கிடையாது, 'ஆஃப்' கிடையாது. 'டூ டஜன் பென்சில்ஸ்' சரி, 'டூ டஜன்ஸ் ஆஃப் பென்சில்ஸ்' தப்பு. 'செவரல் டஜன்' என்றாலும் 'எஸ்' வராது. எண் இல்லாமல் 'ஏராளமாக' என்ற பொருளில் வரும்போதுதான் 'டஜன்ஸ் ஆஃப்'. ஹண்ட்ரட், தவுசண்ட் எல்லாம் நடக்கும் அதே பாதை. எதிரில் இருக்கும் ஒரு குவியலைக் காட்டி 'அதில் ஒரு டஜன் கொடு' என்னும்போது மட்டும் 'எ டஜன் ஆஃப் தோஸ்' என்று 'ஆஃப்' உள்ளே வரலாம். தமிழில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு டஜன் பென்சில், ரெண்டு டஜன் பென்சில், பென்சிலுக்குக்கூடப் பன்மை வேண்டாம். 'டஜன்கள்' என்று யாரும் சொல்வதில்லை, 'டஜன் கணக்கில்' என்போம். சொல்லை வாங்கினோம், அதன் இலக்கணத்தை அவர்களிடமே விட்டுவிட்டோம். டஜன், டசன் என்று எழுத்துக்கூட்டல் இரண்டு விதமாக இருந்தாலும் நடத்தை ஒன்றுதான்.

பொருளில்தான் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஒருமையில் டஜன் துல்லியமான எண், பெட்டியில் பதினொன்று இருந்தால் சண்டைக்குப் போகலாம். 'எஸ்' சேர்ந்த நொடியில் துல்லியம் கரைந்துவிடுகிறது. டஜன்ஸ் என்றால் இருபத்து நான்கா, நாற்பதா, தொண்ணூறா? நூறைத் தொடவில்லை, ஏழெட்டு என்று சொல்லும்படியும் இல்லை, அவ்வளவுதான் தெரியும். சம்பவம் நடந்த முதல் ஒரு மணி நேரத்தில் செய்தி எழுதுகிறவருக்கு இதைவிட உதவியான சொல் கிடையாது, அதனால்தான் அது அங்கே அத்தனை முறை வருகிறது. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு தம்பியும் உண்டு, 'ஸ்கோர்ஸ்'. ஸ்கோர் என்றால் இருபது, பழைய நோர்ஸ் மொழியில் குச்சியில் வெட்டிய தழும்பு, இருபது எண்ணியதும் ஒரு வெட்டு. ஆட்டத்தில் நாம் கேட்கும் ஸ்கோரும் அந்த வெட்டுதான். அமெரிக்க அதிபர் லிங்கன் 1863-இல் கெட்டிஸ்பர்க்கில் தன் உரையை 'நான்கு ஸ்கோரும் ஏழும்' ஆண்டுகளுக்கு முன் என்று தொடங்கினாரே, அது 87, கழித்துப் பார்த்தால் அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த 1776.

கட்டுக்கட்டாக எண்ணும்போது ஒன்று நடக்கிறது: கட்டுக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் முகம் இழக்கிறது. சொற்களே இதற்குச் சாட்சி. இத்தாலிய மொழியில் டஜனிலிருந்து பிறந்த 'தோட்ஸினாலே' என்ற சொல்லுக்கு மட்டமான, சாதாரணமான என்று பொருள். ஜெர்மனில் டஜன் சரக்கு என்றால் மொத்தமாகச் செய்து குவித்த மலிவுப் பொருள். அமெரிக்காவில் 'டைம் எ டஜன்' என்பார்கள், டைம் என்றால் 10 சென்ட் நாணயம், பத்து சென்டுக்கு ஒரு டஜன் கிடைக்கும் என்றால் அதற்கு என்ன மதிப்பு. ஆங்கிலேயர் ஒருவர் ஓயாமல் படபடவென்று பேசினால் 'நைன்டீன் டு த டஜன்' பேசுகிறார் என்பார்கள், மற்றவர் பன்னிரண்டு வார்த்தை பேசும் நேரத்தில் பத்தொன்பது. நமக்குப் பொரிந்து தள்ளுவது.

இங்கேதான் அம்மா கேட்ட கேள்விக்குத் திரும்பி வருகிறேன். ஆங்கிலத்தில் டஜன் சரக்கிலிருந்து கிளம்பி மனிதர்களிடமும் போய்ச் சேர்ந்துவிட்டது, எழுநூறு ஆண்டு அந்த மொழிக்குள் வாழ்ந்த சொல், போகத்தான் செய்யும். பேச்சுத் தமிழில் அது கடைவாசலைத் தாண்டவில்லை. பென்சில், பொத்தான், கண்ணாடி டம்ளர் என்று அது பொருளை எண்ணிக்கொண்டே இருக்கிறது. மனிதர்களை எண்ண நம்மிடம் தனிச் சொல்வரிசையே இருக்கிறது. ஒருவர், இருவர், மூவர், நால்வர், ஐவர், அறுவர், எழுவர், எண்மர், பதின்மர். ஆழ்வார்கள் பன்னிருவர், நாயன்மார்கள் அறுபத்து மூவர். எண்ணுக்குள்ளேயே 'இது ஆள்' என்ற மரியாதை உட்கார்ந்திருக்கிறது. பன்னிரு ஆழ்வார்களை ஒரு டஜன் ஆழ்வார்கள் என்று வாய் தவறியும் யாராவது சொல்வார்களா? ஆங்கிலத்தில்கூட இயேசுவின் பன்னிரண்டு சீடர்களைக் குறிக்க 'த ட்வெல்வ்' என்றுதான் எழுதுகிறார்கள், 'த டஜன்' என்பதில்லை. ஒவ்வொருவருக்கும் பெயர் தெரியும்போது அந்த மொழியும் கட்டை அவிழ்த்துவிடுகிறது.

அப்படியானால் டஜன்ஸைத் தமிழில் எப்படித்தான் சொல்வது? நூற்றுக்கணக்கான இருக்கிறது, ஆயிரக்கணக்கான இருக்கிறது, அதற்குக் கீழே வைக்க இயல்பான படி இல்லை. 'பலர்' என்று போட்டால் ஏழு பேரா எழுநூறு பேரா என்று தெரியாது. ரொம்ப நேரம் இதிலேயே சுற்றிய பிறகு, அம்மா பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. "ஒரு இருபது முப்பது பேரு வந்திருப்பாங்க" என்று யாரைப் பற்றியோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். ரெண்டு மூணு, நாலஞ்சு, ஏழெட்டு, பத்துப் பதினைந்து, ஐம்பது அறுபது. பக்கத்துப் பக்கத்து எண்களைக் கோத்துவிட்டால் தமிழில் துல்லியம் தானாகத் தளர்ந்துவிடும். ஆங்கிலக்காரர் 'ஹாஃப் எ டஜன்' என்று தளர்வாகச் சொல்லும் இடத்தில் நாம் ஐந்தாறு என்போம். அவர் 'எ டஜன் ஆர் ஸோ' என்றால் நாம் பத்துப் பன்னிரண்டு. 'டஜன்ஸ் ஆஃப் டைம்ஸ்' சொன்னேன் என்று அவர் அலுத்துக்கொண்டால் நாம் 'நூறு தடவை சொல்லியாச்சு' என்று அலுத்துக்கொள்வோம்.

ஆனால் செய்தியில் இருபது முப்பது என்று எழுதினால் அது யாரும் சொல்லாத எண்ணை நானாகச் சொன்னது போலாகிவிடும், அதையும் மறுக்க முடியாது. அதனால் இப்போது முதலில் கட்டுரையைக் கடைசிவரை படிக்கிறேன். பல நேரம் நான்காவது ஐந்தாவது பத்தியில் மீட்புக் குழு சொன்ன எண் இருக்கும், இருந்தால் அதை முதல் வரிக்குக் கொண்டுவருகிறேன். இல்லாவிட்டால் 'ஏராளமானோர்', அல்லது 'பலர் சிக்கியுள்ளனர், எத்தனை பேர் என்று இன்னும் உறுதியாகவில்லை'. கொஞ்சம் நீளம்தான். பரவாயில்லை.

அந்தக் கட்டுரையிலும் ஆறாவது பத்தியில் எண் இருந்தது. வரியை மாற்றி அம்மாவிடம் மறுபடி கொடுத்தேன், தடங்காமல் படித்துக்கொண்டே போனார். கடைசிப் பத்தியில் மீட்புப் பணிக்கு வந்த பொருள்களைப் பற்றி ஒரு வரி, அதிலும் டஜன்ஸ் வந்திருந்தது. அதை மட்டும் 'டஜன் கணக்கில் கையுறைப் பெட்டிகள்' என்றே விட்டிருந்தேன். அங்கேயும் நிற்கவில்லை.